கப்பித்தேனின் எடை

பக் நாய்களை எனக்குப் பிடிக்காது. கால்நடை மருத்துவர் இப்படிச் சொல்வது தொழிலுக்கு நல்லதில்லை என்று என் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் கொளஞ்சி சொல்வாள். எனக்கு நாய்மேல் கோபமில்லை. அதை அப்படி ஆக்கியவர்கள்மேல்தான் கோபம். சீனத்து அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு நாய் வேண்டியிருந்தது. அங்கிருந்து டச்சுக்காரர்களின் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. அந்தக் காலத்து ஓவியங்களைப் பார்த்தால் அதற்கு மூக்கு இருக்கிறது, ஓரளவு நீளமான கால்களும் இருக்கின்றன. குழந்தை முகம் மாதிரி இருந்தால் மனிதர்கள் மயங்குவார்கள் என்று தெரிந்த பிறகு, நூற்றைம்பது வருடத்தில் மூக்கை முகத்துக்குள் தள்ளிவிட்டார்கள். மண்டையோடு சுருங்கியது; உள்ளே இருந்த நாக்கும் அண்ணமும் சுருங்கவில்லை. மூன்று அறை வீட்டுச் சாமானை ஒரே அறையில் அடைத்த மாதிரி எல்லாம் தொண்டைக்குள் முண்டியடித்துக் கிடக்கிறது. அதனால் விழித்திருந்தால் கரகரக்கும், தூங்கினால் குறட்டை விடும், வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தால் மயங்கி விழும். தொலைபேசி விளம்பரத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் மே மாதத்தில் அதைத் தூக்கிக்கொண்டு என் கிளினிக்குக்கு ஓடி வருவார்கள்.

இந்த எரிச்சலோடுதான் கப்பித்தேனுக்கும் வைத்தியம் பார்த்து வந்தேன். கப்பித்தேன் எங்கள் பக்கத்து வீட்டு நாய். உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் கன்னியப்பன் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாமா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். பிரெஞ்சில் ஐயா என்பது போல, தெருவில் எல்லாருக்கும் அவர் முசே. கப்பொரால் என்கிற சின்னப் பதவியிலேயே ஓய்வு பெற்றதால், வீட்டில் தனக்கு மேலதிகாரி ஒருத்தன் வேண்டும் என்று நாய்க்குக் கப்பித்தேன், அதாவது கேப்டன், என்று பெயர் வைத்தார். காலையில் அதற்கு சல்யூட் அடிப்பார். அது கொட்டாவி விடும். பக் என்று யாராவது சொன்னால், "கர்லேன்னு சொல்லுங்க. பிரான்சுல அதான் பேரு" என்று திருத்துவார். மனைவி தனக்கொடி இறந்த வருடம், அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகள் ஹேமலதா வாங்கிக் கொடுத்த நாய் அது. ஹேமலதா பிரான்சில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ்.

போன அக்டோபர் கடைசியில் முசே நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். வீட்டில் என்னை இஷ்ரத்து என்று கூப்பிடுபவர், கிளினிக் படி ஏறியதும் டாக்டரம்மா என்பார்.

"மககிட்டப் போறேன், டாக்டரம்மா. ஒரேடியா. இவனையும் கூட்டிக்கினு போவணும்."

காரணம் எனக்குத் தெரியும். ஜூன் மாதம் முசே குளியலறையில் வழுக்கி விழுந்து, தண்ணீர் கேன் போடுகிறவர் வரும்வரை இரண்டு மணி நேரம் தரையிலேயே கிடந்தார். ஹேமலதா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அப்பாவின் குடியுரிமையும் பிரெஞ்சுதான், விசா தொல்லை இல்லை. நாய்தான் தொல்லை. தட்டை மூக்கு நாய்களைச் சாமான் அறையில் ஏற்ற விமான நிறுவனம் மறுத்துவிட்டது. மூச்சுத் திணறிச் செத்துவிடும் என்ற பயம். பயணிகளோடு கொண்டுபோகலாம், ஆனால் நாயும் பையும் சேர்ந்து எட்டுக் கிலோவைத் தாண்டக்கூடாது. பை தொள்ளாயிரம் கிராம். கப்பித்தேனை என் எடை மேடையில் நிறுத்தினேன். ஒன்பது கிலோ இருநூறு.

"ரெண்டு கிலோ நூறு கொறையணும்" என்றேன்.

"கொறையலன்னா?"

"நீங்க மட்டும் போகலாம்."

"அது முடியாது. மககிட்ட சொல்லிட்டேன். எடை எறங்கினா வர்றேன், எறங்கலன்னா இல்ல. அதான் பேச்சு."

அவகாசம் இருந்தது. தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்தி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பிரான்சின் விதி. மார்ச் நடுவில் டிக்கெட். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. பக்குகளுக்கு நான் செய்ய முடிகிறதெல்லாம் கண்ணுக்குச் சொட்டு மருந்தும், முக மடிப்பைத் துடைக்கச் சொல்வதும்தான். இங்கே ஒரு எண் இருந்தது. அதை இறக்கிக் காட்டலாம். தராசில் நிறுத்து இத்தனை கிராம் தீவனம், இத்தனை வெள்ளரிக்காய், வேறு எதுவும் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை தோறும் மாலை ஐந்தரைக்கு எடை பார்ப்பது என்று ஏற்பாடு.

ஐந்து வாரம் கழித்து கப்பித்தேன் ஒன்பது கிலோ நானூறு இருந்தது.

"யாரும் பாக்காதப்ப ரொட்டி போடறீங்க" என்று முசேயிடம் நேராகவே சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "எழுதிக் குடுத்ததுக்கு மேல ஒரு கிராம் போட்டது இல்ல, டாக்டரம்மா. நான் சொன்னா சொன்னதுதான்."

எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கப்பித்தேன் குரலைச் செருமி, மேடைமேல் வாந்தி எடுத்தது. தட்டை மூக்கு நாய்களுக்கு இது சாதாரணம். கொளஞ்சி துடைக்கத் துணி எடுத்தாள். நான் தடுத்து, குனிந்து பார்த்தேன். வெள்ளை இழைகள். மெல்லவே இல்லை, முழுசாக விழுங்கியிருந்தது. தேங்காய்ப்பால் வாசனை, அதில் ஏலக்காய். அன்று காலை எங்கள் வீட்டில் இடியாப்பம். தேங்காய்ப்பாலில் ஏலக்காயும் துளி சோம்பும் தட்டிப் போடுவது இந்தத் தெருவில் என் அம்மா மஹ்பூபா மட்டும்தான்.

முசேயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் முஸ்லிம்களில் ஷாஃபி வழியினர். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். கிளினிக்கிலிருந்து வந்ததும் பின்பக்கக் குழாயடியில் அதை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். அதற்கான மண்ணைச் சலித்து டப்பாவில் போட்டு வைப்பது அம்மாவின் வேலை. என் படிப்பை அம்மா ஒருநாளும் தடுத்ததில்லை. மண்ணை மட்டும் தீரவிட மாட்டாள். அப்படிப்பட்டவள் நாய்க்குச் சோறு வைக்கிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

அம்மா மறைக்கவில்லை. பின்சந்தில் இருக்கிற முசே வீட்டுக் கேட்டுக்கு அடியில், பாக்குமட்டைத் தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிடுவாளாம். தள்ளி நின்றே தட்டைத் திரும்ப இழுத்துக் குப்பைத் தொட்டிக்குள் கட்டையாலேயே தள்ளிவிடுவாளாம்.

"ஏம்மா?"

"தெனம் நாலு மணிக்கு அழுவுதுடி அது. சமையக்கட்டு ஜன்னல் வழியாக் கேக்குது. வாயில்லா ஜீவன் பசில அழுவும்போது பாத்துக்கினு இருக்க முடியுமா? அதுக்கும் அல்லாட்ட நான் பதில் சொல்லணும்."

"அழறது இல்லம்மா அது."

"எனக்கா அழுகச் சத்தம் தெரியாது? ஒன்ன வளத்தவ நான்."

உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். மூக்குத் துளை கோடு மாதிரி இருக்கிறது, காற்று உள்ளே போவதற்குத் திணறுகிறது, தொண்டைக்குள் அண்ணம் தொங்கி அதிர்கிறது, அந்தச் சத்தம்தான் விசும்பல் மாதிரி கேட்கிறது. கண்ணில் நீர் வழிவது துக்கத்தால் இல்லை, கண்குழி ஆழமில்லாததால். நெற்றிச் சுருக்கம் கவலை இல்லை, வெறும் தோல். அதற்குக் கவலையே கிடையாது, சாப்பாட்டு ஆசை மட்டும்தான். மனிதர்கள் ஏமாறுவதற்கென்றே செய்த முகம் அது.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். "தட்ட வச்ச ஒடனே அழுக நின்னுடுது. அதுக்கு என்ன சொல்ற?"

"சாப்பாடு வந்துடுச்சில்ல, அதான்."

எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அம்மாவுக்கு இல்லை. ஆனாலும் என் பேச்சைத் தட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து நாலு மணியானால் சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு முன்னறையில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அதன் பிறகு எடை மளமளவென்று இறங்கியது. டிசம்பர் கடைசியில் எட்டு எண்ணூறு, பொங்கல் கழித்து எட்டு நானூறு, பிப்ரவரி நடுவில் ஏழு எண்ணூறு. கழுத்து மடிப்புகள் தளர்ந்தன, இடுப்பு என்று ஒன்று தெரிந்தது. படியேறும்போது இரைவது பாதியாகக் குறைந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் எண்ணை உரக்கப் படிப்பேன். முசே தலையை ஆட்டுவார். "நல்லது, டாக்டரம்மா." அவ்வளவுதான் சொல்வார். ராணுவத்துக்காரர், உணர்ச்சியை வெளியே காட்டமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வைத்தியத்தில் எனக்கு இப்படி ஒரு வெற்றி கிடைத்து நாளாயிற்று. கொளஞ்சி அந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள். வருகிற பக் வீட்டுக்காரர்களிடமெல்லாம் நான் அதைக் காட்டுவேன்.

கடைசி எடைக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, பயணத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்காகக் கப்பித்தேனைக் காலையிலேயே கிளினிக்கில் வாங்கி வைத்துக்கொண்டேன். மாலைவரை இருக்கட்டும், மூச்சையும் கவனித்துச் சொல்கிறேன் என்று முசேயை அனுப்பிவிட்டேன். அன்று வேலை நீண்டுவிட்டது. சாப்பிட வீட்டுக்கு வந்தபோது நாலு ஆகப் போகிறது. ஏழு முறை கழுவிவிட்டு உள்ளே வந்தேன். அம்மா சோற்றை எடுத்து வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"இன்னுமா அழறதா நெனைக்கிற?"

"இன்னும்தான் அழுவுது. நீதான் நம்ப மாட்டியே."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு கிலோ குறைந்த பிறகு அது அந்த அளவு சத்தம் போட வாய்ப்பே இல்லை. "சாத்தாத. இங்க வா. இப்ப ரெண்டு பேரும் கேப்போம்" என்று ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டேன்.

கேட்டது. மூச்சை இழுத்து, நடுவில் அறுந்து, மறுபடி இழுக்கிற சத்தம். தொண்டையில் ஒரு கரகரப்பு.

"பாத்தியா, இது அந்த அண்ணம்..." என்று ஆரம்பித்தேன்.

கப்பித்தேன் கிளினிக்கில் இருந்தது. நான் கிளம்பும்போது கொளஞ்சியின் நாற்காலிக்கடியில் குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக் கிடந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் பின்சந்துக்குப் போய் முசே வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளை லேசாக ஆட்டினேன். சத்தம் சட்டென்று நின்றது. அம்மா தட்டு வைத்த நாளெல்லாம் இப்படித்தான் நின்றிருக்கும்.

"யாரு?" உள்ளேயிருந்து முசேயின் குரல். துளி நடுக்கம் இல்லை. அணிவகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"நாந்தான் மாமா. கப்பித்தேன் நல்லா இருக்கான். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சரிம்மா. இப்பத்தான் ஹேமா போன் பண்ணா. அவளுக்கும் சொல்லிடறேன்."

ஹேமலதா தினமும் மூன்றரைக்குக் கூப்பிடுவாள். அங்கே அப்போது காலை பதினோரு மணி. மதிய ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் அப்பாவோடு பேசுவாள். அவருக்காகத் தயார் செய்து வைத்திருக்கும் அறையைப் போனிலேயே காட்டுவாள். முசே சிரித்துப் பேசுவது சில நாள் எங்கள் வீட்டுக்கே கேட்கும். போனை வைத்தபின் நடப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. மகள் பாசமாகக் கூப்பிடும்போது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்வதற்கு அவருக்கு இருந்தது ஒரு நாயின் எடை மட்டும்தான். அதையும் கொடுத்த வார்த்தைக்காக ஒரு கிராம் ஏமாற்றாமல் அவரே நிறுத்துப் போட்டுக் குறைத்துக்கொண்டிருந்தார். நான் வாரா வாரம் அதை உரக்கப் படித்துக்காட்டினேன்.

வீட்டுக்குள் வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கப்பித்தேன் காலையிலிருந்தே கிளினிக்கில் இருப்பதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா சொன்னாள்: "அப்ப இத்தினி நாளா நான் தப்பான ஆளுக்கு இடியாப்பம் வச்சிருக்கேன்."

சனிக்கிழமை ஐந்தரைக்கு முசே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. விமானத்துக்கு வாங்கிய நீலப் பையையும் கொண்டுவந்திருந்தார். கப்பித்தேன் மேடையில் ஏறி நின்றது. ஏழு கிலோ ஐம்பது கிராம்.

"சரியா இருக்கு" என்றார் முசே. பையைத் தரையில் வைத்து அதன் வாரை நேராக்கினார். பிறகு மறுபடியும் நேராக்கினார்.

"எடை சரி. இன்னும் மூச்சு பாக்கணும்" என்றேன்.

கப்பித்தேனைக் கிளினிக் முன்னால் தெருவில் மூன்று நிமிடம் ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போனேன். திரும்பி வந்ததும் ஸ்டெதஸ்கோப்பைத் தொண்டையில் வைத்துக் கேட்டேன். அக்டோபருக்கு எவ்வளவோ தேவலை. ஆனாலும் மூச்சின் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே ஏதோ உரசியது. மூக்குத் துளைகளை டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கோடுகள். மூச்சை இழுக்கும்போது அந்தக் கோடுகளும் ஒட்டிக்கொண்டன.

"இந்த மூக்கோட பத்து மணி நேரம் பைக்குள்ள மூடி உக்கார வைக்க முடியாது மாமா. பயத்துல வேகமா மூச்சு வாங்கினா அங்கயே முடிஞ்சிடும். பயணம் போகலாம்னு நான் கையெழுத்து போட மாட்டேன்."

முசே என்னைப் பார்த்தார். "முன்னால சொல்லலியே, டாக்டரம்மா."

"முன்னால நான் எடைய மட்டும்தான் பாத்தேன். என் தப்பு."

"ஆபரேசன் பண்ணா செரியாவுமா?" அதைக் கேட்காமல் விட்டிருக்கலாம். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"ஆகலாம். ஆனா பயணத்துக்காக வெட்டச் சொல்ல மாட்டேன். இப்ப இருக்கற எடையில, வீட்ல, நெழல்ல இருந்தா அவனுக்கு இந்த மூக்கு போதும்."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கப்பித்தேன் அவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்தது. பிறகு, "அதையே எழுத்துல குடுத்துடுங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அதில் பொய் ஒரு வரி இல்லை. அந்த மூக்கு அக்டோபரிலும் அதே மூக்குதான். புதன்கிழமை அந்த ஜன்னலைத் திறக்காமல் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று யாராவது கேட்டால், போட்டிருப்பேன். எண் இறங்கிய பெருமையில் மூக்கைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஹேமலதா என்னைக் கூப்பிட்டாள். கோபமாக இருந்தாள். அவளும் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "அப்பா என்னதான் சொல்றாரு? நான் கேட்டா ஒன்னோட இஷ்டம்மாங்கறாரு" என்றாள்.

"நாளைக்கு மூணரைக்குப் பேசிட்டு போன வச்சிடுங்க. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கூப்பிடுங்க. வீடியோ வேணாம், சும்மா கூப்பிடுங்க. அப்ப கேளுங்க."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. நர்ஸ் அல்லவா, சில விஷயங்கள் சொல்லாமலே புரிந்துவிடும் போலிருக்கிறது. அந்த இரண்டாவது போனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள் என்றும், ஜூலையில் அவளே ஒரு மாதம் வருகிறாள் என்றும் முசே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க ஆள் வந்து போனான். பின்சந்துக் கேட்டின் சாவி ஒன்று இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் ஒருநாள் மதியம் வீட்டில் இருந்தேன். நாலேகால் இருக்கும். அம்மா சமையல்கட்டு ஜன்னலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"என்னம்மா, மறுபடியும் அழறாரா?"

"இல்ல. கொறட்டை."

"அது கப்பித்தேன். அண்ணம் தொங்கறதால..."

"சும்மா இரு" என்றாள் அம்மா. "ரெண்டு கேக்குதுடி."